மூட்டு இடம் நகரவில்லை: சாக்ரோஇலியாக் மூட்டு வலியிலிருந்து மீள்வது பற்றி

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் பிட்டத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கிய வலி, குழந்தைக்கு இரண்டு வயதாகியும் விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் தட்டு) என்றார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது டிஸ்க்கில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. பிறகு, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு இடம் நகர்ந்துவிட்டது என்றார்கள். அதை இடத்தில் வைப்பதற்காக வாரந்தோறும் ஒருவரிடம் செல்கிறீர்கள். இரண்டு நாள் சுகமாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய வலி திரும்பிவிடுகிறது. பெல்ட்டைக் கழற்றப் பயம், குழந்தையைத் தூக்கப் பயம், பயிற்சி செய்து பார்த்தால் வலி கூடுகிறது. இது குணமாகுமா, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

இத்தகைய வலியுடன் வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பிசியோதெரபி அளித்து வருபவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு ஆண்டுகள் நீடித்த பிறகும் இந்த வலி குறையக்கூடியதுதான். ஆனால் மூட்டு நகர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் வரை, அதை யாராவது தள்ளி வைத்துத் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலேயே காலம் போகும். உங்கள் வலி முழுக்க உண்மை. அதற்கு உங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம்தான் தவறு.

முதுகெலும்பின் அடியில் ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்து உருவான முக்கோண எலும்பு திருவெலும்பு எனப்படுகிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் இடங்களே சாக்ரோஇலியாக் மூட்டுகள். கல் வளைவின் நடுவே இறுகி நிற்கும் ஆப்புக்கல்லைப் போலத் திருவெலும்பு இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் இடையில் செருகி நிற்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் மேடு பள்ளமாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கின்றன. அதற்குப் பின்னால் உடலிலேயே மிக வலுவான பிணைப்பு நார்களில் சில இந்த மூட்டை இறுகக் கட்டியிருக்கின்றன. உடலின் மேற்பாதி எடையைக் கால்களுக்கு இறக்கும் வேலையைச் செய்யும் மூட்டு இது. முழங்காலைப் போல மடக்கி நீட்டுவதற்காக அமைந்ததல்ல. எலும்புகளில் மிகச் சிறிய உலோகக் குண்டுகளைப் பதித்து, அவற்றின் இடத்தை எக்ஸ்ரே மூலம் அளந்து ஸ்டூரெசனும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மூட்டின் சுழற்சி சராசரியாக 2.5 பாகை அளவிலும், நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவுமே இருந்தது. வலி இருந்த பக்கத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

மூட்டைச் சரிசெய்யும் கை வைத்தியத்தையும் இதே அளவீட்டு முறையில் சோதித்திருக்கிறார்கள். டுல்பெர்க் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு முன் மூட்டு கோணலாக இருக்கிறது என்று கையால் தொட்டுச் சொன்ன பரிசோதனைகள், சிகிச்சைக்குப் பின் சரியாகிவிட்டது என்று காட்டின. ஆனால் எக்ஸ்ரே அளவீட்டில் எலும்புகள் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தன. அப்படியென்றால் இரண்டு நாள் கிடைக்கும் சுகம் பொய்யா? இல்லை. அழுத்தமும் சொடுக்கும் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கத்தைச் சிறிது நேரம் தளர்த்துகின்றன, நரம்பு மண்டலம் வலியை உணரும் அளவு தற்காலிகமாகக் குறைகிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி நன்றாக நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் அது பயனுள்ளதே. அது மட்டுமே சிகிச்சை என்று ஆகிவிடும்போது, ஒவ்வொரு வாரமும் உங்கள் உடல் உடைந்துகிடக்கிறது என்ற எண்ணம் புதுப்பிக்கப்படுகிறது. அந்த எண்ணம் செய்யும் கெடுதல் சிறியதல்ல. குழந்தைப்பேற்றுக்குப் பிறகு இடுப்பு வலி நீடித்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தேறிவிடுவோம் என்று நம்பியவர்கள் கூடுதலாகத் தேறியதைக் கண்டிருக்கிறார்கள். வலி மனத்தில் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பயந்த உடல் மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கி அசைவைக் குறைக்கிறது. அசைவு குறையக் குறைய மூட்டைத் தாங்க வேண்டிய தசைகள் பலவீனமாகின்றன.

சரி, நகரவில்லை என்றால் எது வலிக்கிறது? மூட்டின் உறையிலும் பின்புறப் பிணைப்பு நார்களிலும் வலி உணரும் நரம்பிழைகள் ஏராளமாக இருக்கின்றன. கர்ப்பத்தில் எடை கூடுகிறது, உடலின் எடை மையம் முன்னோக்கிப் போகிறது, வயிற்றுத் தசைகள் விரிந்து தளர்கின்றன, பிணைப்பு நார்களும் ஓரளவு நெகிழ்கின்றன. மூட்டின் மீது விழும் சுமை, அதைத் தாங்கும் தசைகளின் திறனை மிஞ்சும்போது அந்தத் திசுக்கள் எரிச்சலடைகின்றன. எல்லாவற்றுக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோனே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் இடையில் சீரான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த இடுப்பு வளைய வலி வருகிறது. பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தணிந்துவிடுகிறது, ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் நீடிக்கிறது. கர்ப்பம் தவிர, பிட்டம் தரையில் மோத விழுவது, வாகன விபத்து, இடுப்பு முதுகெலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை, கால்களின் நீள வேறுபாடு, திடீரெனக் கூட்டிய ஓட்டப் பயிற்சி ஆகியவற்றாலும் இதே வலி ஆண்களுக்கும் பெண்களுக்கும் வருவதுண்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்களில் சுமார் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு மூலம் இந்த மூட்டுதான் என்று மதிப்பிடுகிறார்கள்.

இவ்வளவு பரவலானது ஏன் எளிதில் தவறவிடப்படுகிறது என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழ்முதுகு வலியின் முதன்மைக் காரணமாக இந்த மூட்டையே பலர் கருதினார்கள். 1934இல் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைப் பற்றி எழுதிய பிறகு மருத்துவ உலகின் கவனம் முழுவதும் டிஸ்க்கின் பக்கம் திரும்பிவிட்டது. மேலும், இயக்கத்தால் வரும் சாக்ரோஇலியாக் வலியை எந்தப் படமும் காட்டித் தராது. வலியே இல்லாதவர்களின் படங்களிலும் இந்த மூட்டில் தேய்மானம் தெரியும். வலியால் துடிப்பவரின் படம் சுத்தமாக இருக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்ததால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இதைக் கண்டறிவது பெரும்பாலும் கேட்டும் தொட்டும் செய்யும் வேலை. வலி எங்கே என்று கேட்டால், டிஸ்க் வலிக்காரர் உள்ளங்கையால் முதுகின் குறுக்கே தடவிக் காட்டுவார். இந்த மூட்டு வலிக்காரர் பெரும்பாலும் ஒரே விரலை எடுத்து, இடுப்பின் பின்புறக் குழிக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் திரும்பத் திரும்ப அதே புள்ளியில் வைப்பார். அங்கிருந்து பிட்டம், தொடையின் பின்புறம், தொடை இடுக்கு எனப் பரவலாம். சிலருக்கு முழங்காலுக்குக் கீழேயும் இறங்கி, நரம்பு அழுத்தப்படுவதால் காலில் இறங்கும் சயாட்டிகா வலி போலத் தோன்றும். மூட்டின் மீது வெவ்வேறு திசைகளில் அழுத்தம் கொடுக்கும் சோதனைகள் சில இருக்கின்றன. ஒரே ஒரு சோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ உங்களுடைய அதே வலியைக் கிளப்பினால்தான் மூட்டின் மீது சந்தேகம் வலுக்கிறது.

இன்னொரு சோதனையை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி நேராக நீட்டி, முழங்காலை மடக்காமல் ஒரு குதிகாலை 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். வலியுள்ள பக்கத்துக் கால் ஈயம் கட்டியதுபோல் கனக்கும்; சிலருக்கு எழும்பவே எழும்பாது; எழுப்பும் முயற்சியில் மூச்சு நின்றுபோகும், வயிறு புடைத்துக்கொள்ளும். இப்போது வேறொருவர் உங்கள் இடுப்பெலும்புகளை இரு பக்கமும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, அதே காலை மறுபடியும் உயர்த்துங்கள். பலருக்கு அது உடனே இலேசாகிவிடும். அந்தக் கணத்தில் எலும்பு எதுவும் இடம் மாறவில்லை, காலின் பலமும் கூடவில்லை. இடுப்பு வளையத்துக்குப் பக்கவாட்டிலிருந்து பிடிப்பு கிடைத்தது, அவ்வளவுதான். அந்தக் கைகள் தந்த பிடிப்பை உங்கள் சொந்தத் தசைகள் தரும்படி செய்வதுதான் சிகிச்சையின் மையம்.

ஆனால் பயிற்சிக்குப் போவதற்கு முன் வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். இந்த இடத்தில் எந்தச் சலுகையும் கொடுக்க நான் விரும்பவில்லை. வலி 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது, காலையில் எழுந்தபின் அரைமணி நேரத்துக்கு மேல் உடல் விறைத்திருக்கிறது, ஓய்வெடுத்தால் கூடி நடந்தால் குறைகிறது, இரவின் பிற்பாதியில் எழுப்பிவிடுகிறது, ஒரு பிட்டத்திலிருந்து மறு பிட்டத்துக்கு மாறி மாறிப் போகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி வாதமாக இருக்கலாம். கண் சிவந்து வலிப்பது, சொரியாசிஸ், நாள்பட்ட குடல் அழற்சி, குடும்பத்தில் இதே நோய் ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். இதற்கு வாத நோய் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். தாமதிக்காமல் தொடங்கினால் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. வழக்கமாக எடுக்கும் இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யில் சாக்ரோஇலியாக் மூட்டுகள் சரியாகப் பதிவாவதில்லை. அவற்றுக்கெனத் தனிக் கோணத்தில் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது நீங்கள் குழந்தை பெற்றவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் பிரசவத்துக்குப் பின் பல மாதங்கள் வரை, நோய் ஏதும் இல்லாத பெண்களிலும் மூட்டை ஒட்டிய எலும்பில் நீர்க்கோப்பு தெரியும். அதை அழற்சி வாதம் என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு.

காய்ச்சலோடு கூடிய கடும் வலி மூட்டுத் தொற்றாக இருக்கலாம். எலும்பு வலுவிழந்தவர்களுக்கும், மூத்தவர்களுக்கும், சில சமயம் பிரசவித்த பெண்களுக்கும்கூடத் திருவெலும்பில் மயிரிழை முறிவு ஏற்படுவதுண்டு. மாதவிடாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் வலிக்கு மகப்பேறு மருத்துவரிடம் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) பற்றிக் கேட்க வேண்டும். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் தன்னையறியாமல் வெளியேறுதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லை என்று தெரிந்தபின் முதல் வேலை, எரிச்சலடைந்திருக்கும் மூட்டை அன்றாடம் சீண்டுவதைக் குறைப்பது. இந்த மூட்டுக்குப் பிடிக்காதது ஒரு காலில் மட்டும் எடை விழுவதும், இரு கால்களும் எதிரெதிர்த் திசையில் போவதும். உடை மாற்றும்போது நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்காமல் உட்கார்ந்து மாற்றுங்கள். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு இரு முழங்கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். மாடிப்படியில் ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். நடையை நிறுத்த வேண்டாம், எட்டுகளைச் சிறிதாக்குங்கள். குழந்தையை ஒரு பக்க இடுப்பில் வைத்துச் சாய்ந்து நிற்பதற்குப் பதில், மார்போடு அணைத்து இரு கால்களிலும் எடை விழும்படி நில்லுங்கள். ஒரே நிலையில் நீண்ட நேரம் உட்காருவது எவ்வளவு நல்ல நாற்காலியிலும் வலியைக் கூட்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும்.

இரவில் புரள்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பகலைச் சமாளிக்கும் பலரைக்கூட உடைத்துவிடுவது அதுதான். அரைத்தூக்கத்தில் ஒரு கால் மட்டும் முன்னால் போய் இடுப்பு பின்தங்கிவிட, மூட்டு முறுக்கப்பட்டு, சுரீர் என்ற வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. திரும்புவதற்கு முன் இரு முழங்கால்களையும் மடக்கி ஒன்றோடொன்று அழுத்திக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்; அப்போதே அடிவயிறு இலேசாக உள்ளே போகும். அந்த நிலையில் தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் திரும்பட்டும். பக்கவாட்டில் படுத்தபின் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணை ஒன்றை இடையில் வையுங்கள். முழங்கால்களுக்கு இடையில் மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கித் தொடையை முறுக்கும். வழுக்கும் துணியில் இரவு உடை அணிவதும் உதவும். சில நாட்களில் இது பழகிவிடும், தூக்கம் கூடும். தூக்கம் கூடினாலே வலியைத் தாங்கும் அளவு மாறுவதைக் காண்பீர்கள்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வயிற்றைச் சுற்றிக் கட்டுவது பலர் செய்யும் பிழை. முன்னால் தொட்டால் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே அது அமைய வேண்டும். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கத் தேவையில்லை. நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் அணியுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள். பெல்ட் அணிந்தால் வலி கூடுகிறது என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அது தேவையில்லை. பயிற்சி முன்னேற முன்னேற, வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் முதலில் கழற்றி, அணியும் நேரத்தை வாரா வாரம் குறைத்து வாருங்கள். கழற்றினால் மூட்டு பிரிந்துவிடும் என்ற அச்சத்துக்கு, மேலே சொன்ன பிணைப்பு நார்களின் வலிமையே பதில்.

பயிற்சி செய்தால் வலி கூடுகிறது என்றீர்கள். என்ன பயிற்சி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நான் அதிகம் காண்பது, பிட்டத் தசையை இழுத்து நீட்டும் பயிற்சிகளை நாள்தோறும் கடுமையாகச் செய்வதும், வீடியோ பார்த்து முதல் நாளே கடினமான நிலைகளுக்குப் போவதும்தான். பிட்டத் தசை இறுகியிருப்பது பெரும்பாலும் மூட்டைப் பாதுகாக்க அது எடுக்கும் முயற்சி. அதற்குப் பலம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் எரிச்சல் தணியாது. பிறவியிலேயே மூட்டுகள் அதிகம் வளையும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

தொடக்கம் மிக எளிமையாக இருக்கட்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடையில் வைத்த தலையணையை மூச்சை வெளியே விட்டபடி ஐந்து விநாடி மெல்ல அழுத்துவது. பிறகு தொடைகளைச் சுற்றிக் கட்டிய பட்டையை வெளிநோக்கித் தள்ளிப் பிடிப்பது. இரண்டிலும் மூட்டு அசையாது, தசை மட்டும் வேலை செய்யும். அது வலியின்றி வந்ததும் இடுப்பைத் தரையிலிருந்து கையளவு உயர்த்தி இறக்குவது, கை கால் ஊன்றிய நிலையில் ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டுவது. இங்கேயே நின்றுவிடுவதுதான் பெரும்பாலான சிகிச்சைகளின் குறை. குழந்தையின் எடையைத் தூக்க வேண்டிய உடம்புக்குப் படுக்கையில் செய்யும் பயிற்சி மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது, இரு கைகளிலும் எடை பிடித்து இடுப்பை மடக்கி நிமிர்வது, கடைசியாக ஒரு காலில் நிற்பது என்று மாதங்களில் ஏறிச் செல்ல வேண்டும். முன்பு தவிர்க்கச் சொன்ன ஒற்றைக்கால் நிலையே பின்னால் பயிற்சியாக வருகிறது. தவிர்ப்பது தற்காலிக ஏற்பாடு, வாழ்நாள் விதி அல்ல. பெரிய பிட்டத் தசை, மறுபக்கத்து முதுகின் அகன்ற தசை, ஆழ்ந்த வயிற்றுத் தசை, இடுப்புத்தளத் தசைகள் ஆகியவை சேர்ந்து இழுக்கும்போதுதான் மூட்டு உள்நோக்கி அழுத்தப்பட்டு உறுதி பெறுகிறது என்பதால், ஒரே ஒரு தசையைத் தேர்ந்தெடுத்துப் பலப்படுத்துவது பலனளிப்பதில்லை.

எவ்வளவு வலி வரை பொறுத்துக்கொள்ளலாம்? பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் கூடுதலாக இருந்தால் பயிற்சி தவறு என்று முடிவு கட்ட வேண்டாம். அளவைப் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்து, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது இந்த நோயில் மிகப் பழகிய சுழற்சி. நல்ல நாளிலும் மோசமான நாளிலும் ஏறத்தாழ ஒரே அளவு செய்து, அந்த அளவை மெல்லக் கூட்டுவதே அதை உடைக்கும் வழி. பிரசவத்துக்குப் பின் வலி நீடித்த 81 பெண்களை வைத்து நார்வேயில் ஸ்டூகே குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்ப அமைத்த உறுதிப் பயிற்சிகளை 20 வாரங்கள் செய்தவர்கள், மற்ற பிசியோதெரபி பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அந்த வேறுபாடு நிலைத்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; ஆயினும் வாரக்கணக்கில் அளக்காமல் மாதக்கணக்கில் அளக்க வேண்டிய வேலை இது என்பதில் எனக்கு ஐயமில்லை. இடையில் வலி மீண்டும் கிளம்பும் நாட்கள் நிச்சயம் வரும். அது பழைய இடத்துக்குத் திரும்பியதாக ஆகாது. அடுத்தடுத்த கிளர்ச்சிகளுக்கு இடையிலான நாட்கள் நீள்கின்றனவா, ஒவ்வொன்றும் தணிய எடுக்கும் காலம் குறைகிறதா என்று பாருங்கள்.

இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி வெட்கத்தால் பலர் பேசுவதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இந்தத் தசைகள், மூட்டு வலியின்போது ஓயாமல் இறுகியே இருந்துவிடலாம். உட்கார்ந்தால் வால் எலும்பைச் சுற்றி வலி, உடலுறவில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், மலம் கழிக்க முக்க வேண்டியிருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண்களில் இதே நிலை பல நேரங்களில் புராஸ்டேட் அழற்சி என்று எண்ணப்பட்டு, கிருமியே இல்லாத நிலையிலும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் திரும்பத் திரும்பத் தரப்படுகின்றன. பிரசவித்தவர்கள் எல்லோருக்கும் கீகெல் பயிற்சி (இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இங்கே கெடுதலாகிவிடும்: ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடவே செய்யும். அவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்த்துவது. விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சை உள்ளே இழுத்து, அடிவயிறும் இடுப்புத்தளமும் கீழ்நோக்கித் தளர்வதை உணர்ந்து பார்ப்பதே அதன் தொடக்கம். மாறாக இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது என்றால் பலப்படுத்துவது தேவைப்படலாம். இரண்டில் எது என்பதை இத்துறையில் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் சம்மதத்தோடு பரிசோதித்துச் சொல்ல முடியும். மலச்சிக்கல் இருந்தால் அதைத் தீர்ப்பதும் இந்தச் சிகிச்சையின் பகுதியே.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள் வலி கிளம்பும் சில நாட்களுக்கு உதவும். வயிறு, சிறுநீரகம் ஆகியவற்றில் தொந்தரவு உள்ளவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு அவை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

பல மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் வலியில் முன்னேற்றம் இல்லை என்றால் அடுத்த படி ஊசி. எக்ஸ்ரே திரையைப் பார்த்து மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், வழக்கமான வலியில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்கு மறைகிறதா என்று பார்க்கலாம். மறைந்தால் மூலம் அந்த மூட்டே என்பதற்கு அது நல்ல சான்று. கூடவே செலுத்தும் ஸ்டீராய்டு சிலருக்கு வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நிம்மதி தரும். அந்த நிம்மதிக் காலத்தில் பயிற்சியைக் கூட்டுபவர்களே அதன் முழுப் பயனை அடைகிறார்கள். மூட்டின் பின்புறத்துக்குச் செல்லும் சிறு நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு; நரம்பு மீண்டும் வளரும்போது வலி திரும்பலாம். திருகுகளோ டைட்டானியம் துண்டுகளோ பதித்து மூட்டை நிரந்தரமாக இணைக்கும் அறுவை சிகிச்சை, ஊசியால் மூலம் உறுதிசெய்யப்பட்டு மற்ற எல்லா வழிகளும் முடிந்த மிகச் சிலருக்கானது. இன்னும் குழந்தை பெற எண்ணும் ஒருவர் அதைப் பற்றி இந்தக் கட்டத்தில் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இனி இரண்டாவது குழந்தை. முதல் கர்ப்பத்தில் இந்த வலி வந்தவர்களுக்கு அடுத்ததிலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் இந்த வலி கர்ப்பம் தரிப்பதற்குத் தடையல்ல, வயிற்றில் வளரும் குழந்தைக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. முடிந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது போன்ற வேலைகள் பெரும்பாலான நாட்களில் இயலும் நிலைக்கு வந்தபின் தொடங்குங்கள். கருவுற்றபின் வலி வரும் வரை காத்திராமல் முதல் மாதங்களிலேயே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துப் பயிற்சியைத் தொடருங்கள். தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி கடைசி மாதங்களில் மிகவும் இதமாக இருக்கும், நீந்துபவர் என்றால் தவளை போலக் கால்களை அகட்டி உதைக்கும் முறையை மட்டும் தவிருங்கள்.

இந்த வலியை மட்டும் காரணம் காட்டிச் சிசேரியன் செய்துகொள்ள வேண்டியதில்லை. நார்வேயில் ஏராளமான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிசேரியன் செய்துகொண்டவர்களிடமே பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்திலும் இடுப்பு வலி நீடிப்பது கூடுதலாகக் காணப்பட்டது. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னதாக, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வலி தொடங்கும் வரை எவ்வளவு தூரம் அகட்ட முடிகிறது என்று அளந்து, அந்த அளவை உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டபின் வலி தெரியாது என்பதால், அந்த அளவைத் தாண்டிக் கால்கள் அகட்டப்படாமல் பார்த்துக்கொள்ள உடன் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்தோ கை கால் ஊன்றியோ பிரசவிக்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே மருத்துவரிடமும் செவிலியரிடமும் பேசி வையுங்கள்.